ஆவணி முடியட்டும்

ஜூலை 13, ஞாயிறு

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் உரக்கடையில் வருஷா வருஷம் டைரி தருவார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு பூச்சிப் படம். ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்ததை இன்று எடுத்தேன். வீட்டுக்காரர் பெயர் கனிராஜ். வாயால் கூப்பிட முடியாத பெயரை இதிலாவது எழுதிக்கொள்கிறேன். கனிராஜ், கனிராஜ், கனிராஜ். நன்றாகத்தான் இருக்கிறது.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் செண்பகா லேடீஸ் டெய்லர்ஸ் என்று கேட்டால் ஆட்டோக்காரரே கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஜாக்கெட் மட்டும்தான் தைப்பேன். எவளுக்கு எவ்வளவு சதை போட்டிருக்கிறது, எவள் அதை மறைக்கப் பார்க்கிறாள் என்பதெல்லாம் இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

இன்று குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு. வலி இல்லை. கொழுப்புக்கட்டியாகத்தான் இருக்கும். கனிராஜிடம் சொன்னால் பயந்துபோய் எனக்கு முன்னால் அவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்வார். என் அண்ணன் பெண்டாட்டி உலகம்மாள் மைனியிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரை தெரிந்துவிடும். டைரியிடம் சொல்லியாகிவிட்டது. இனிமேல் இதைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ரெஹானா, மெட்ராஸில் படிக்கிறவள். சரி, ஜாக்கெட் கேஸ் என்று டேப்பை எடுத்தேன். "அளவு வேணாம்க்கா, அங்கி தைக்கணும்" என்றாள். பைபாஸில் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு புது மெஷின் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம். மார்புக்குள் என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தை விட்டுப் பார்க்கும் மெஷின். அகச்சிவப்பு வெளிச்சமாம், கண்ணுக்குத் தெரியாதாம். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறதாம்.

"கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்த வச்சு என்னத்தம்மா பாப்பீங்க?" என்று கேட்டேன்.

அவள் தன் போனில் டார்ச்சைப் போட்டு என் விரலை அதன்மேல் வைத்தாள். விரல் சிவந்து ஒளிர்ந்தது. "பாத்தீங்களாக்கா? வெளிச்சம் சதைக்குள்ள போய்த் திரும்பி வருது. இந்த மெஷினோட வெளிச்சம் இன்னும் ஆழமாப் போகும். ரத்தம் அதிகமா இருக்கற எடத்துல வெளிச்சத்தைக் குடிச்சிடும். திரும்பி வர்றது கொறையும். கட்டி வளர்ற எடத்துக்கு ரத்தம் நெறையப் போகும் இல்லையா, அதான் கணக்கு."

"அப்ப கொழுப்புக்கட்டி?"

"ஏன்க்கா கேக்கறீங்க?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கிட்டாத்தான தைக்க முடியும்."

கொழுப்புக்கட்டிக்கும் அங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

அறை இருட்டாக இருக்க வேண்டுமாம். அதனால் அங்கியும் கறுப்பு. ஒரு பக்கம் பார்க்கும்போது மறுபக்கம் மூடியிருக்க வேண்டும், பெண்களுக்குக் கூச்சம் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திறக்கிற மாதிரி வைத்துவிடலாம் என்றேன். தாலியைக் கழற்றச் சொன்னால் எவளும் வர மாட்டாள் என்பதால், கொடியை முதுகுப்பக்கம் தள்ளி மாட்டிக்கொள்ளப் பிடரியில் ஒரு வளையம் வைப்பதாகவும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம்.

ஜூலை 16, புதன்

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. கொண்டைக்கடலை அதே அளவுதான்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கூழ் குடித்துவிட்டு, அங்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெஷின் என்றதும் பெரிய பீரோ மாதிரி கற்பனை பண்ணியிருந்தேன். இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஒரு கைப்பிடி, அதிலிருந்து ஒரு வயர், ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான். அழுத்தவும் இல்லை, சுடவும் இல்லை. மேலே வைத்து வைத்து எடுக்கிறார்கள்.

ரெஹானா முகம் வாடியிருந்தது. நோய் உள்ளவர்களையும் பார்க்க வேண்டுமாம், நன்றாக இருப்பவர்களையும் பார்க்க வேண்டுமாம். அப்போதுதான் மெஷின் சொல்வது சரியா தப்பா என்று தெரியும். ஆனால் ஒருத்தியும் வரவில்லை. "உங்க கடைக்குத்தான் ஊரே வருதே, நீங்க சொன்னா வருவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

நான் சொன்னால் வர மாட்டார்கள். ஆனால் ஆவணி ஜாக்கெட் சொன்னால் வருவார்கள். ஆவணியில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கல்யாணம். அந்த மாதத்தில் என் கையால் ஒரு ஜாக்கெட் வாங்குவதற்கு அழுகை, மிரட்டல், முறுக்கு டப்பா எல்லாம் வரும். அதனால் சாயங்காலமே கடை வாசலில் எழுதி ஒட்டிவிட்டேன்: ஆஸ்பத்திரியில் மார்புப் பரிசோதனைக்குப் போய் வருகிறவர்களுக்கு ஆவணி ஜாக்கெட்டில் முதல் இடம்.

உலகம்மாள் மைனி படித்துப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஏட்டி செம்பகம், மாரப் பத்தி இப்படி வாசல்ல எழுதி ஒட்டுவியா? வெக்கமா இல்ல?"

"மைனி, ஒங்க மக நாத்தனா கல்யாணத்துக்கு மூணு ஜாக்கெட்டுன்னீங்கள்லா?"

மைனி வாயிலிருந்து கையை எடுத்தாள். "என்னைக்கு வேன் புடிக்கணும்?" என்று கேட்டாள்.

ஜூலை 21, திங்கள்

நாட்டு மருந்துக் கடையில், வீக்கத்துக்குப் பற்றுப் போடும் கறுப்பு மூசாம்பரம் வாங்கினேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் முட்டிக்கு என்றேன். பின்னாலேயே கனிராஜ் நிற்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"எனக்கு எந்த முட்டி வலிக்கு?" என்றார்.

"வலிக்கும். வயசாகுதுல்லா?"

வீடு வரும்வரை இரண்டு முட்டியையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

படுக்கப் போகும் முன் குழைத்துப் போட்டேன். கறுப்பு கூடினால் வேகமும் கூடும் என்று கொட்டாங்கச்சிக் கரியைப் பொடித்து நானாகவே சேர்த்துக்கொண்டேன். கட்டியைப் பற்றி எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தேன்தான். இது கட்டியைப் பற்றியது அல்ல. மூசாம்பரத்தைப் பற்றியது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. ஜாக்கெட்டில் மூசாம்பரக் கறை. இனிமேல் கறுப்பு ஜாக்கெட்தான். என்ன புதுசா கறுப்பிலேயே உடுத்துகிறாய் என்று மைனி கேட்டாள். மெலிந்து தெரியத்தான் என்றேன். தெரியவில்லை என்றாள்.

ஜூலை 30, புதன்

என் ஜாக்கெட்டில் இடது பக்கத் தையலை மட்டும் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைத்தேன். இந்தத் துணியே அப்படித்தான், துவைத்தால் சுருங்கும். வலது பக்கம் ஏன் சுருங்கவில்லை என்று கேட்காதே.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றைய கூத்தை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

வேன் நிறையப் பெண்கள். மல்லிகைப்பூ, புளியோதரை, சீவல் என்று குற்றாலத்துக்குக் கிளம்பியது மாதிரி கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கி நின்றுகொண்டார்கள். முதலில் யார் என்பதுதான் பிரச்சினை.

"செம்பகம் போகட்டும். அவதான கூட்டியாந்தா" என்றாள் மைனி.

"நான் டெய்லர் மைனி. அங்கி சரியா இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்."

"போட்டுப் பாத்தாத்தானட்டி தெரியும் சரியா இல்லையான்னு. நீ போகலன்னா நாங்க இப்படியே வேன்ல ஏறிருவோம்."

ரெஹானா என்னைப் பார்த்த பார்வைக்காக உள்ளே போனேன். வேறு எதற்காகவும் இல்லை. காலையில் தேய்த்துக் குளித்திருந்தேன், கறை முழுசாகப் போகவில்லை. கரியை நம்பினால் இப்படித்தான், பூசும்போது ஒட்டாது, ஒட்டினால் போகாது. இருட்டறைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று படுத்துவிட்டேன்.

வலது பக்கம் நன்றாக ஓடியது. இடது பக்கத்தில் வைத்ததும் ரெஹானா "அய்யோ" என்றாள். மறுபடி வைத்தாள். வயரைக் கழற்றி மாட்டினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அந்த இடத்தில் வைத்தால் மட்டும் வெளிச்சம் ஒரு துளிகூடத் திரும்பி வரவில்லையாம். திரையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரே கறுப்பு. "இப்படி நான் பாத்ததே இல்ல" என்று அழுகிற குரலில் சொன்னாள். கொண்டைக்கடலை இருந்த இடத்தில் உள்ளங்கையா? அந்த இருட்டில் படுத்துக்கொண்டு கனிராஜுக்கு ரசம் வைக்கத் தெரியாதே என்று நினைத்தேன். பயத்தில் மனது எங்கெங்கோ போகிறது.

வெளியே அதற்குள், செண்பகத்தை மெஷின் பிடித்துக்கொண்டதாம், விட மாட்டேன் என்கிறதாம் என்று கிளம்பிவிட்டது. மைனி கதவைத் தட்டுகிறாள். "ஏ புள்ள, அவள விடு! வேணும்னா வயரப் புடுங்கு!"

டாக்டர் அகஸ்டினா வந்தார். லைட்டைப் போட்டார். குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது கறுப்பா?"

"மை டாக்டர். திருஷ்டிக்கு."

"திருஷ்டிக்குக் கன்னத்துல வைப்பாங்க. இங்க வச்சா யாரு கண்ணு படும்?"

டாக்டர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். அவருக்கும் ஊர் இந்தப் பக்கம்தான், எட்டயபுரம். "மூசாம்பரம். கரி வேற. ரெஹானா, மெஷின்ல கோளாறு இல்லம்மா. இந்தம்மா ஒரு அடுப்பையே அப்பிட்டு வந்திருக்கு" என்றார். ரெஹானா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, உயிர் திரும்பி வந்த சிரிப்பு. கரி எல்லா வெளிச்சத்தையும் குடித்துவிடுமாம், கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்து. நானும் சிரித்தேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"கட்டிக்குத்தான போட்டீங்க?"

எண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார்கள். இந்த முறை சின்னதாக ஒரு கறுப்பு, அதே இடத்தில். டாக்டர் கையாலும் அமுக்கிப் பார்த்தார். அக்குளையும் பார்த்தார். "இந்த மெஷின் இன்னும் பரீட்சை எழுதிட்டுத்தான் இருக்கு. அத நம்பி நான் எதும் சொல்ல மாட்டேன். ஸ்கேன் எடுக்கணும், ஊசி வச்சுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். இந்த வாரமே வாங்க" என்றார்.

"ஆவணி முடியட்டும் டாக்டர். கைநிறைய ஜாக்கெட் இருக்கு."

வெளியே வந்து எல்லாரிடமும் மெஷின் மக்கர் பண்ணியது என்று சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொருத்தியாக உள்ளே போய், இவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். வரும் வழியெல்லாம் ஒரே பாட்டு. நானும் கை தட்டினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ரெஹானா போன் பண்ணினாள். எடுக்கவில்லை. கையில் கத்தரி இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மறுபடி போன். கையில் கத்தரி இல்லை. இருந்தும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. பரிசோதனைக்குப் போனவர்கள் எல்லாரும் முதல் இடம் கேட்கிறார்கள். எல்லாரும் முதல் என்றால் எவள் இரண்டாவது? நான் வைத்த கண்ணியில் நானே மாட்டிக்கொண்டேன். கடையில் உட்காரக்கூட இடமில்லை, எங்கு பார்த்தாலும் பட்டுத் துணி. இவ்வளவு வேலையை வைத்துக்கொண்டு எவளாவது ஊசி டெஸ்ட்டுக்குப் போவாளா? மனசாட்சியோடு சொல்லட்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

உலகம்மாள் மைனி இனி என் வாசல்படி மிதிக்கக் கூடாது.

மத்தியானம் பத்துப் பதினைந்து பெண்களோடு கடைக்குள் வந்தாள். இரண்டாவது வேனில் இன்னும் சிலரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறாள். ஜாக்கெட்டுக்காக வந்தவள், இப்போது அந்த மெஷினுக்கே சொந்தக்காரி மாதிரி நடந்துகொள்கிறாள்.

"எங்க துணியெல்லாம் எடுட்டி" என்றாள்.

"இன்னும் வெட்டவே இல்லயே மைனி."

"வெட்டாண்டாம். பஸ் ஸ்டாண்டுகிட்ட புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்காம்லா, அவன்ட்ட குடுக்கப் போறோம்."

"ஆம்பள டெய்லர்கிட்டயா!"

"ஆமா."

என் கண் முன்னாலேயே ஒவ்வொருத்தியும் அவரவர் பையைத் தேடி எடுத்தாள். நான் அழுதேன், திட்டினேன், கத்தரியைத் தூக்கிக் கீழே போட்டேன். ஒவ்வொருத்தியாகப் படியிறங்கிப் போனார்கள். கடைசியில் மைனி மட்டும் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக் கதவுல புதுசா எழுதி ஒட்டிருக்கா அந்தப் புள்ள. மூசாம்பரம், கரி பூசிட்டு வரக் கூடாதுன்னு. எவடி அந்தக் கிறுக்கின்னு நாங்க சிரிச்சோம். ஒன் வீட்டுக்காரரு முட்டிக்கு நீ வாங்கினதா மருந்துக் கடைக்காரரு சொன்னாரு. நேத்து கனிராஜ் அண்ணன்ட்ட, முட்டிக்கு மூசாம்பரம் போட்டீங்களே, இப்ப எப்படி இருக்குன்னேன். எந்த முட்டின்னு என்னையவே கேக்காரு. அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரல செம்பகம்."

மைனி கீழே கிடந்த கத்தரியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வேலை இருக்கு, வேலை இருக்குன்ன. இப்ப இல்ல. போ."

கடை இதுவரை இப்படிக் காலியாகக் கிடந்ததே இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். அவமானத்தில் அழுதேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பயத்தில் அழுதேன். குளித்த அன்றிலிருந்தே எனக்குப் பயம்தான்.

ஆகஸ்ட் 23, சனி

கனிராஜிடம் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். பிறகு, "அப்ப என் முட்டிக்கு ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டார். கேட்டுவிட்டு அவரே அழுதுவிட்டார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஸ்கேன், ஊசி இரண்டும் ஆயிற்று. மரத்துப்போக மருந்து போட்டார்கள். சதை எடுக்கிற ஊசி துப்பாக்கி மாதிரி இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது, என் தையல் மெஷின் தேவலை. ரெஹானா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்க படம் எங்க ரிப்போர்ட்ல வரும்க்கா, பேரு போட மாட்டோம்" என்றாள். கரியோடு எடுத்த படமும் வருமா என்று கேட்டேன். அதுதான் முதல் படமாம், எப்படி எடுக்கக் கூடாது என்பதற்கு.

செப்டம்பர் 1, திங்கள்

புற்றுநோய். எழுதிவிட்டேன். எழுதியதால் கூரை இடிந்து விழவில்லை.

கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். மார்பை எடுக்க வேண்டாமாம், கட்டியை மட்டும் எடுத்தால் போதுமாம். அதன்பிறகு கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். மாத்திரையோ மருந்தோ அப்புறம் முடிவு பண்ணுவார்களாம். கனிராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காதில் ஒன்றும் விழவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"டாக்டர், தையலுக்குக் கொஞ்சம் விட்டு வெட்டுங்க" என்றேன்.

"அப்படித்தாம்மா வெட்டுவோம். கட்டியச் சுத்தி நல்ல சதையும் கொஞ்சம் சேத்துத்தான் எடுப்போம். ஓரத்துல எதும் மிச்சம் இருக்கக் கூடாதுல்லா?"

எனக்கு ஓரம் மிச்சம் இருக்க வேண்டும், அவருக்கு இருக்கக் கூடாது. தொழிலுக்குத் தொழில் வித்தியாசம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை தைரியமாகத்தான் இருந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

பஸ் ஸ்டாண்டு டெய்லர் தைத்த ஜாக்கெட்டை மைனி போட்டுக் காட்டினாள். கை தூக்க முடியவில்லை, கழுத்து தோளைவிட்டு இறங்குகிறது. கல்யாண வீட்டில் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். இவ்வளவு நாளில் இன்றைக்குத்தான் வயிறு குலுங்கச் சிரித்தேன். வாசல்படி மிதிக்கக் கூடாது என்று எழுதியதை அடித்துவிடலாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாளைக்கு ஆபரேஷன்.

பிறகு போட்டுக்கொள்ள முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட், கை அகலமாக, தளர்வாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்துப் போட்டேன். மைனி கூட உட்கார்ந்திருந்தாள். "அளவச் சொல்லு, நான் எழுதிக்கிடுதேன்" என்றாள்.

எனக்கு என் அளவு தெரியாது. கல்யாணத்துக்கு அம்மா தைத்துத் தந்த ஜாக்கெட்டை வைத்து ஒன்று வெட்டினேன், அதை வைத்து இன்னொன்று, அப்படியே இத்தனை வருஷமும் ஓட்டிவிட்டேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்கு அளவெடுக்க யார் இருக்கிறார்கள்?

"கையத் தூக்கு" என்றாள் மைனி. என் டேப்பை எடுத்து என்னைச் சுற்றி வளைத்தாள். இடது பக்கம் வரும்போது படக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இந்த டேப்பால் நான் வளைக்காத பெண் இந்த ஊரில் இல்லை. என்னை ஒருத்தி வளைத்தது இதுதான் முதல் தடவை.

"பயமா இருக்கு மைனி" என்றேன்.

"எனக்குந்தாம்ட்டி" என்றாள். டேப்பைப் பிடித்தபடியே என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எண்ணைப் படித்தாள். "தொண்ணூத்தாறு."

டேப்பைப் புரட்டிப் பிடித்து சென்டிமீட்டர் பக்கத்தைப் படிக்கிறாள். இன்ச் என்று நம்பி அந்த அளவுக்குத் தைத்தால் காருக்கு உறை போடலாம். தப்பு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் டேப்பை எடுத்துவிடுவாள்.